மைட்டோகாண்ட்ரியாவுக்கு வயசானால் நமக்கும் வயசாகுமா? மூன்று தலைமுறை மும்பைத் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

இன்ஸ்டாகிராமில் உடல்நலம் பற்றி ஒரே ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தால் போதும். அடுத்த வாரத்திலிருந்து 'மைட்டோகாண்ட்ரியா பூஸ்டர்' விளம்பரங்கள் வரிசை கட்டி வரும். என்எம்என், கோஎன்சைம் க்யூ10, ரெஸ்வெரட்ரால் என்று பெயர்கள் மாறும். ஒரு டப்பா சில ஆயிரம் ரூபாய் என்பது மட்டும் மாறாது. செல்லுக்குள்ளேயே வயதைக் குறைத்துவிடலாம் என்பதுதான் இவற்றின் பொதுவான வாக்குறுதி.

இதில் பாதி உண்மை. முதுமையின் அடையாளங்களாக உயிரியலாளர்கள் 2013-ல் ஒன்பதைப் பட்டியலிட்டார்கள். 2023-ல் அந்தப் பட்டியல் பன்னிரண்டாக வளர்ந்தது. இரண்டிலுமே மைட்டோகாண்ட்ரியாவின் செயலிழப்பு இருக்கிறது. ஆனால் மீதிப் பாதியை விளம்பரம் சொல்லாது. இந்தியர்களிடம் நடந்த ஒரு ஆய்வு, இந்தக் கதையையே கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கிறது. அது என்ன, உங்களுக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கும் அதனால் என்ன என்று பார்ப்போம்.

மைட்டோகாண்ட்ரியா என்னதான் செய்கிறது?

'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதி பள்ளியில் ஒரு மார்க் வாங்கியிருப்பீர்கள். அந்த நிலையம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மும்பைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: கோபோலி.

1915-ல் டாடா நிறுவனம் கோபோலியில் நீர்மின் நிலையம் தொடங்கியது. மழைநீரை லோனாவாலா மலைமேல் ஏரிகளில் தேக்கி, குழாய் வழியாகக் கீழே விட்டு, டர்பைனைச் சுழற்றி, அன்றைய பம்பாய் மில்களுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். உங்கள் செல்லுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

நீங்கள் சாப்பிட்ட இட்லியிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உள்ள புரதத் தொகுப்புகள் வழியாகக் கைமாறிக் கைமாறி, கடைசியில் நீங்கள் மூச்சில் இழுத்த ஆக்சிஜனிடம் சேர்கின்றன. இந்தப் பயணத்தில் கிடைக்கும் சக்தியைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் தேக்கப்படுகின்றன. இதுதான் அணை. தேங்கிய புரோட்டான்கள் ஒரு குட்டி டர்பைன் வழியாகத் திரும்பப் பாய்கின்றன. அது நிஜமாகவே சுழலும் ஒரு புரத இயந்திரம். அது சுழலும்போது உருவாவதுதான் ஏடிபி, அதாவது செல்லின் ரொக்கப் பணம். பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மிட்செல் 1961-ல் இந்த விளக்கத்தை முன்வைத்தபோது பலர் நம்பவில்லை. 1978-ல் இதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒரு நேரத்தில் உங்கள் உடலில் இருக்கும் ஏடிபி கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் ஒரே நாளில் உங்கள் உடல் எடைக்கு நிகரான ஏடிபி செலவாகி, மறுபடி தயாராகிறது. இதைச் சேமித்து வைக்க வழியில்லை. தேவைப்படும்போது உற்பத்தி, உற்பத்தியானதும் செலவு. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அம்மா வழிச் சொத்து

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். 1981-ல் இதை முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். இது உங்களுக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வந்தது. அம்மாவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து.

திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி தாராவிக்கு வந்த ஒரு ஆச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் வழிப் பேத்தி இன்று மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். இருவருக்குள்ளும் இருப்பது ஒரே மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்களுக்கும் இதே கணக்குதான். இயந்திரத்தின் வரைபடம் மாறவில்லை. அதன்மேல் விழும் வேலை மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

வயதாகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

மூன்று விஷயங்கள்.

ஒன்று, பிரதி எடுக்கும்போது வரும் பிழைகள். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ வாழ்நாள் முழுக்கப் பிரதியாகிக்கொண்டே இருப்பதால் பிழைகள் மெல்லச் சேர்கின்றன.

இரண்டு, குப்பை அள்ளுவதில் தாமதம். பழுதான மைட்டோகாண்ட்ரியாவை செல்லே அடையாளம் கண்டு, பிரித்து, பாகங்களை மறுபடி பயன்படுத்துகிறது. வயதாக ஆக இந்த வேலை மந்தமாகிறது.

மூன்று, புதிதாகக் கட்டுவது குறைகிறது.

இதன் விளைவை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரோக்கியமான முதியவர்களை அதே உடல்வாகுள்ள இளைஞர்களோடு ஒப்பிட்டார்கள். முதியவர்களின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

அப்போ 'ஆன்டிஆக்ஸிடன்ட்' மாத்திரை உதவாதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956-ல் ஒரு கருத்தைச் சொன்னார்: ஆற்றல் உற்பத்தியின்போது கசியும் வீரிய மூலக்கூறுகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) செல்லை அரிக்கின்றன, அந்த அரிப்புதான் முதுமை. 1972-ல் இந்தக் கசிவின் மையம் மைட்டோகாண்ட்ரியா என்றார். இரும்பு துருப்பிடிப்பது போல மனிதன் துருப்பிடிக்கிறான் என்று எளிதில் புரிந்ததால் இது பரவியது. மாத்திரைச் சந்தையும் வளர்ந்தது.

சோதித்துப் பார்த்தபோது கதை வேறு மாதிரி போனது. 2004-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வில் பிழைகள் வேகமாகச் சேரும்படி எலிகளை உருவாக்கினார்கள். இளம் வயதிலேயே அவற்றின் முதுகு வளைந்தது, முடி கொட்டியது, எலும்பு தேய்ந்தது, சீக்கிரம் இறந்தன. மைட்டோகாண்ட்ரியா கெட்டால் முதுமை வேகமாகும் என்பது இதில் உறுதியானது. ஆனால் இந்த எலிகளில் ஃப்ரீ ராடிக்கல் கசிவு பெரிதாகக் கூடவில்லை. 'துரு'தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கருத்து இங்கேயே ஆட்டம் கண்டது.

மனிதர்களிடம்? 2007-ல் 68 ஆய்வுகளை, சுமார் 2.3 லட்சம் பேரின் தரவுகளை, ஒன்றாக அலசினார்கள். தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ மாத்திரைகள் ஆயுளைக் கூட்டவில்லை. இறப்பு விகிதம் சற்றே கூடியிருந்தது.

2009-ல் ஜெர்மனியில் இன்னொரு சோதனை. இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டது. எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணம் இதுதான்: உடற்பயிற்சியின்போது வரும் அந்தச் சின்னக் கசிவு, 'இன்னும் வலுவாகக் கட்டு' என்று செல்லுக்குப் போகும் தகவலும்கூட. மாத்திரை அந்தத் தகவலையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

எந்தெந்த நோய்களில் இதற்குப் பங்கு உண்டு?

நிறைய ஆற்றல் கேட்கும் உறுப்புகள்தான் முதலில் அடிவாங்கும்: மூளை, இதயம், தசை. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது.

மிகத் தெளிவான ஆதாரம் பார்க்கின்சன் நோயில் இருக்கிறது. 1982-ல் கலிஃபோர்னியாவில் போலி ஹெராயின் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், திடீரென்று கை கால் அசைக்க முடியாமல் உறைந்துபோனார்கள். பார்ப்பதற்கு முற்றிய பார்க்கின்சன் போலவே இருந்தது. அந்தப் போதைப்பொருளில் கலந்திருந்த நச்சு, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதத் தொகுப்பை முடக்குகிறது என்பது பிறகு தெரிந்தது. 1989-ல் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையிலும் அதே தொகுப்பு பலவீனமாக இருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். பரம்பரையாக வரும் பார்க்கின்சனில் தொடர்புடைய பிங்க்1, பார்க்கின் என்ற இரண்டு மரபணுக்களின் முக்கிய வேலை, பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்துவது.

மும்பையிலேயே இதில் முக்கியமான வேலை நடந்திருக்கிறது. கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் (டிஐஎஃப்ஆர்) விதிதா வைத்யா, உல்லாஸ் கொல்தூர் சீதாராம் ஆகியோரின் குழுக்கள் 2019-ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. மனநிலையோடு தொடர்புபடுத்தி நாம் கேள்விப்படும் செரட்டோனின், மூளை நரம்பணுக்களில் புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாவதையும் ஏடிபி உற்பத்தியையும் கூட்டுகிறது என்று எலி வகை விலங்குகளில் காட்டினார்கள். நெருக்கடியிலும் அந்த நரம்பணுக்கள் அதிகம் தாக்குப்பிடித்தன. நரம்பணுவின் ஆற்றலை வெளியிலிருந்து வரும் ஒரு சமிக்ஞை கூட்ட முடியும் என்பதுதான் இதிலுள்ள செய்தி. மருந்தாக மாற இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

சர்க்கரை நோய்: இந்தியர்களின் புதிர்

இனிதான் நாம் முதலில் சொன்ன திருப்பம். ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு, சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஆர்.எம். அஞ்சனா, டாக்டர் வி. மோகன் உள்ளிட்டோர் நடத்தியது. 2023-ல் வெளியான அதன் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

யேல் குழு 2004-ல் இன்னொன்றையும் கண்டது: சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகளில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு சுமார் 30 சதவீதம் குறைவு. 'மைட்டோகாண்ட்ரியா பலவீனம், அதனால் சர்க்கரை' என்ற சூத்திரம் கச்சிதமாகத் தெரிந்தது. அப்படியென்றால் இந்தியர்களுக்கு மைட்டோகாண்ட்ரியா இன்னும் பலவீனமாக இருக்க வேண்டும், இல்லையா?

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கே. ஸ்ரீகுமாரன் நாயர் குழு இதை நேரடியாகச் சோதித்தது. சர்க்கரை உள்ள இந்தியர்கள் 13 பேர், இல்லாத இந்தியர்கள் 13 பேர், வடக்கு ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள் 13 பேர். 2008-ல் முடிவு வெளியானது. இந்தியர்களுக்கு இன்சுலின் மோசமாக வேலை செய்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களுடைய தசையின் ஏடிபி உற்பத்தித் திறன் அமெரிக்கர்களைவிடக் கூடுதலாக இருந்தது. சர்க்கரை உள்ள இந்தியருக்கும் இல்லாத இந்தியருக்கும் இதில் வேறுபாடு இல்லை. இந்தியர்களின் இன்சுலின் பிரச்சினைக்கு மைட்டோகாண்ட்ரியா பலவீனத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று அந்தக் குழு எழுதியது. 39 பேரிடம் நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் எளிய சூத்திரத்தை உடைக்க அது போதும்.

அப்படின்னா சிக்கல் எங்கே? மறுபடி கோபோலிக்குப் போவோம். ஏரி நிரம்பி வழிகிறது, டர்பைன் நன்றாக இருக்கிறது, ஆனால் மில்கள் மூடிக்கிடக்கின்றன. மின்சாரம் வாங்க ஆளில்லை என்றால் டர்பைன் சுழலாது. ஏடிபி-யை யாரும் செலவழிக்காவிட்டால் புரோட்டான்கள் தேங்கி நிற்கும், எலக்ட்ரான்கள் நடுவழியில் நெரிசலாகும், கசிவு கூடும். எரிக்கப்படாத எரிபொருள் கொழுப்பாக மாறும். நமக்குத் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் என்பதை புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கும் இது பொருந்தும்.

அதற்கு மேல் நம் தட்டில் இருப்பதில் பெரும்பகுதி மாவுச்சத்து. 2025-ல் வெளியான இன்டியாப் உணவு ஆய்வின்படி இந்தியர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் அதிலிருந்து வருகிறது. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி, 2022-ல் இந்திய வயதுவந்தோரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் தேவையான அளவு உடலை அசைக்கவில்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம்.

அப்போ தாராவியில் உழைப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லையா?

இப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு தாராவியிலிருந்து நகரம் முழுக்கக் கிளம்பும் வியாபாரிகள், தோல் பட்டறைத் தொழிலாளர்கள், மூட்டை தூக்குபவர்கள் இவர்களின் தசை நாள் முழுக்க ஏடிபி செலவழிக்கிறது, உண்மைதான். ஆனால் உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவு. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு இரண்டும் அதிகம். வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு இருந்தது. இதன் காரணம் பற்றி விவாதம் தொடர்கிறது. டென்மார்க் தாராவியும் அல்ல. ஆனால் அடிப்படை எளிமையானது: புதிய மைட்டோகாண்ட்ரியா கட்டப்படுவது உழைக்கும்போது அல்ல, உழைத்து முடித்த பிறகு வரும் ஓய்வில். பன்னிரண்டு மணி நேரம் பாரம் தூக்கி, அனல் வீசும் தகரக் கூரைக்கு அடியில் அரைத்தூக்கம் தூங்குபவருக்கு அந்த ஓய்வு எங்கே இருக்கிறது? 'அந்தக் காலத்துல உழைச்சாங்க, நல்லா இருந்தாங்க' என்று தாத்தாவைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

சரி, நான் என்ன செய்யலாம்?

*தேவையை உண்டாக்குங்கள்.* உடற்பயிற்சி தசையில் மைட்டோகாண்ட்ரியாவைக் கூட்டுகிறது என்பதை அமெரிக்காவின் ஜான் ஹொலோஸி 1967-லேயே எலிகளில் காட்டினார். பிழைகள் வேகமாகச் சேரும் அந்த எலிகளைக்கூட 2011-ல் ஐந்து மாதம், வாரம் மூன்று முறை, 45 நிமிடம் ஓடவைத்தபோது முதுமையின் அறிகுறிகள் பெருமளவு தள்ளிப்போயின. 2017-ல் அதே நாயர் குழு மனிதர்களிடம் சோதித்தது. விட்டுவிட்டுத் தீவிரமாகச் செய்யும் பயிற்சியில் 12 வாரத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத் திறன் இளைஞர்களுக்கு 49 சதவீதமும், 65 முதல் 80 வயதுள்ளவர்களுக்கு 69 சதவீதமும் கூடியது. அதிகம் பலன் பெற்றது பெரியவர்கள். (இதயப் பிரச்சினை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.)

*தசையை விடாதீர்கள்.* முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி.

*சாப்பிட்டதும் நடங்கள்.* சுருங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

*மாத்திரை?* வயதாக ஆக என்ஏடி என்ற மூலக்கூறு குறைகிறது என்பதும், என்எம்என் எடுத்தால் ரத்தத்தில் அது கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் இதனால் மனிதர்களின் ஆயுள் கூடியதாக எந்தச் சோதனையும் காட்டவில்லை. அப்பா அம்மா மெட்ஃபார்மின் எடுப்பவர்களாக இருந்தால் ஒரு விஷயம்: அது மைட்டோகாண்ட்ரியாவின் முதல் தொகுப்பைச் சற்றே மந்தப்படுத்தும் மருந்துதான். பயந்து நிறுத்திவிட வேண்டாம், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் பல பத்தாண்டுகள் நிரூபணமான மருந்து அது.

நடக்க இடம் எங்கே?

மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. செம்பூரில் டைமண்ட் கார்டன். தாராவியை ஒட்டி, பழைய குப்பைமேட்டின் மீது வளர்த்த மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. ஆனால் தாராவியின் சந்துக்குள் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, தண்ணீர் பிடித்து, சமைத்து, வீட்டு வேலை முடித்த பிறகு இரவு எட்டு மணிக்கு நடக்க எந்த இடம் பாதுகாப்பானது? மேலே சொன்ன 57 சதவீதத்துக்குப் பின்னால் சோம்பலைவிட இந்தக் கேள்வி அதிகம் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு பற்றிப் பேசும்போது வீட்டின் சதுர அடியோடு இதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

இந்த வாரம் அப்பா அம்மாவைப் பார்க்கும்போது ஒரு நாற்காலியைப் போடுங்கள். சுவரை ஒட்டிப் போட்டால் நகராது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று போனில் நேரம் பாருங்கள். ஆசிய நாடுகளின் முதியோர் தசைநலக் குழுவின் '2019' வழிகாட்டுதல்படி, 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலவீனமாகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அப்படி ஆனால் சப்ளிமென்ட் டப்பாவைத் தேடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கூடவே கடைசியாக எப்போது மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, பார்த்தார்கள் என்றும் கேளுங்கள்.

அவர்கள் முடித்ததும் அதே நாற்காலியில் நீங்களும் ஒருமுறை செய்து, உங்கள் நேரத்தையும் குறித்துவையுங்கள்.